மில் போட்ட கணக்கும் நெய்வேலி மண்ணும்

நெய்வேலியில் முதல் சுரங்கத்துக்கான பணியைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்த நாள் 1957 மே 20. அதற்குச் சரியாக 151 ஆண்டுகளுக்கு முன், 1806 மே 20-ஆம் நாள், லண்டனின் பென்டன்வில் பகுதியில் ஜான் ஸ்டூவர்ட் மில் பிறந்தார். இது வெறும் தற்செயல்; இதில் பொருள் தேட வேண்டியதில்லை. ஆயினும், பொருளியல் சிந்தனை வரலாற்றை நீண்டகாலம் கல்லூரியில் கற்பித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் இந்த நகரியத்தை அடுத்துக் குடியிருக்கும் எனக்கு, மில்லை நினைக்காமல் சுரங்கத்தைக் கடந்து செல்வது இயலாத காரியமாகிவிட்டது. பலருடைய நன்மைக்காகச் சிலருடைய வாழ்விடத்தை எடுத்துக்கொள்ளலாமா, எடுக்கலாம் என்றால் எந்த நிபந்தனையின் பேரில் என்ற கேள்வி அவரைத் துரத்திய அளவுக்கு வேறு எந்தப் பொருளியலறிஞரையும் துரத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

மில்லின் தந்தை ஜேம்ஸ் மில், ஜெரமி பெந்தாமின் நெருங்கிய நண்பர். பெந்தாமின் கொள்கையை இன்று பயன்பாட்டுவாதம் என்கிறோம். ஒரு செயல் நல்லதா, கெட்டதா என்பதை அதன் விளைவே தீர்மானிக்கும். விளைவு என்பது இன்பமும் துன்பமும்தான். அவற்றைக் கூட்டிக் கழித்து, எது மிகுதியான இன்பத்தை மிகுதியான மக்களுக்குத் தருகிறதோ அதையே சட்டமும் அரசும் செய்ய வேண்டும். இன்பத்தை எடைபோட அதன் செறிவு, நீடிப்பு, உறுதி, அண்மை என்று தொடங்கி ஏழு அளவுகோல்களைப் பெந்தாம் வகுத்தார். பிரபுவானாலும் பண்ணையாளானாலும் கணக்கில் ஒரு தலை ஒரு தலைதான். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசிய உலகில் இது எவ்வளவு பெரிய புரட்சி என்பதை இன்று நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தம் பிணமும் பயன்பட வேண்டும் என்று எண்ணி, அதை அறுத்து ஆராயவும் பின்னர்ப் பதப்படுத்திக் காட்சிக்கு வைக்கவும் உயில் எழுதியவர் பெந்தாம். உடை அணிந்து அமர்ந்த கோலத்தில் அவர் எலும்புக்கூடு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. கொள்கைப் பிடிப்பு அந்த அளவுக்கு!

இந்தக் கொள்கையின் வாரிசாகவே ஜான் ஸ்டூவர்ட் வளர்க்கப்பட்டார். பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன், பன்னிரண்டில் தர்க்கம், பதின்மூன்றில் ரிக்கார்டோவின் பொருளியல். தந்தையே ஆசிரியர். காலை நடையின்போது முந்தைய நாள் படித்ததை ஒப்பிக்க வேண்டும். தான் கற்றதைத் தம்பி தங்கையருக்குக் கற்பிக்கவும் வேண்டும். அவர்கள் தவறினால் தண்டனை இவருக்கும் உண்டு. விளையாட்டுத் தோழர் என்று எவரும் இல்லை. பெந்தாமின் சட்டவியல் நூலைப் பிரெஞ்சு மொழியில் படித்தபோது அவருக்குப் பதினைந்து வயது. வாழ்க்கைக்கு ஒரு சமயமே கிடைத்துவிட்டதுபோல் உணர்ந்ததாகப் பின்னர் தன்வரலாற்றில் எழுதினார். அடுத்த ஆண்டே நண்பர்களைக் கூட்டிப் பயன்பாட்டுவாதச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்.

1823-இல், பதினேழாம் வயதில், அவருக்கு வேலை கிடைத்தது. நம் வாசகர்கள் அதிகம் கவனிக்காத செய்தி இது: தனிமனித சுதந்திரத்தின் பெரும் வழக்குரைஞர் என்று உலகம் கொண்டாடும் மில், முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக இருந்தவர். லண்டன் லெடன்ஹால் வீதியில் இருந்த கம்பெனி அலுவலகத்தில், இந்தியாவுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை வரைவதே பணி. பெரும்பாலும் சுதேச சமஸ்தானங்களோடு கம்பெனி கொண்ட உறவு பற்றிய கோப்புகள். அவருடைய தந்தையும் அதே அலுவலகத்தில் உயர் பதவியில் இருந்தார். அந்தத் தந்தை, இந்திய மொழி ஒன்றுகூடத் தெரியாமல், இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமல், 1817-இல் இந்திய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதி வெளியிட்டவர். நேரில் காணாதது தமக்கு ஒரு தகுதியே என்று வாதிடவும் செய்தார். மகனும் இந்தியாவைக் கண்டதில்லை.

நிலவரி விஷயத்தில் தந்தையின் கருத்து நம்மைத் தொட்டது. நிலத்தின் வளத்தால் கிடைக்கும் மிகுதியான வருவாயே குத்தகை. அதை அரசு வரியாக எடுத்துக்கொண்டால் யாருக்கும் தீங்கில்லை என்ற ரிக்கார்டோவின் பாடத்தை அவர் இந்தியாவுக்குப் பொருத்தினார். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில் அரசே நிலக்கிழார். உழவர் ஒவ்வொருவரும் நேரடியாக அரசுக்கு வரி செலுத்த வேண்டும். பழைய தென்னார்க்காடு மாவட்டம் அந்த முறையின் கீழ் இருந்தது. இன்று நெய்வேலியைச் சுற்றிய ஊர்களில் நிலம் எடுக்கும்போது அதிகாரிகள் முதலில் கேட்கும் பட்டா, அந்த ஏற்பாட்டின் வழிவந்த காகிதம். பட்டா இருப்பவருக்கு இழப்பீடு. அந்த நிலத்தில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்த கூலியாளுக்கு? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மகனின் கதைக்குத் திரும்புவோம். 1826-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இருபது வயது இளைஞராக இருந்த மில்லின் மனம் முறிந்தது. தான் விரும்பிய சீர்திருத்தங்கள் அனைத்தும் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் தனக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உண்டாகாது என்று உள்ளம் சொல்லிற்று. உலகத்தின் இன்பத்தைப் பெருக்கப் பயிற்றுவிக்கப்பட்டவருக்குத் தன் இன்பம் எதுவென்று தெரியவில்லை. பல மாதங்கள் அலுவலகம் சென்றார், கோப்புகளை எழுதினார், உள்ளே எதுவும் அசையவில்லை. மார்மோன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த குடும்பத்துக்குத் தானே எல்லாமாக இருப்பேன் என்று ஒரு சிறுவன் உறுதி கொள்ளும் இடத்தைப் படித்தபோது கண்ணீர் வந்தது. அழ முடிகிறது என்பதே ஆறுதலாயிற்று. பின்னர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை கை கொடுத்தது. தந்தையை இழக்கும் காட்சியில்தான் அந்த மகனுக்குக் கண்ணீர் வந்தது என்பதை உளவியலாளர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அது என் துறையன்று.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அடைந்த முடிவு. இன்பத்தை நேரே குறிவைத்துத் துரத்தினால் அது கிட்டாது. வேறொன்றை, அது பிறர் நலனோ கலையோ தொழிலோ, அதன் பொருட்டே செய்கையில் இன்பம் வழியில் வந்து சேரும். சொல்வதற்கு எளிது. ஆனால், இன்பத்தைப் பெருக்குவதே ஒழுக்கம் என்ற கோட்பாட்டில் இது ஒரு விரிசல். அதோடு, எல்லா இன்பமும் ஒரே நாணயம் அல்ல என்றும் அவருக்குத் தோன்றிற்று. பெந்தாமுக்குச் சிறுவர் விளையாட்டும் கவிதையும் தரும் இன்பம் சமமானால் மதிப்பும் சமம். மில் இன்பங்களில் தரத்தால் உயர்ந்தவை, தாழ்ந்தவை உண்டு என்றார். இரண்டையும் அறிந்தவர்களின் தீர்ப்பே அளவுகோல் என்றார். தரம் நுழைந்துவிட்டால் கூட்டல் எப்படி நடக்கும்? கிலோவையும் மீட்டரையும் கூட்ட முடியாது என்பது பள்ளிப் பாடம். இந்தச் சிக்கலுக்கு அவர் தந்த விடை போதாது என்பதே என் கருத்து. ஆனால் சிக்கலை மறைக்காமல் மேசைமேல் வைத்தவர் அவர்.

1830-இல் ஹாரியட் டெய்லரைச் சந்தித்தார். அவர் மணமானவர், குழந்தைகளின் தாய். இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த, ஊர் வாய்க்கு அவல் போட்ட நட்பு அது. ஹாரியட்டின் கணவர் 1849-இல் இறக்க, 1851-இல் இருவரும் மணந்துகொண்டனர். மனைவியின் உடைமை மீதும் உடல் மீதும் அன்றைய சட்டம் கணவனுக்குத் தந்த உரிமைகளைத் தான் ஏற்கவில்லை என்று மில் எழுத்தில் பதிவு செய்தார். இடையில் 1843-இல் தர்க்கவியல் நூலும், 1848-இல் அரசியல் பொருளாதாரக் கோட்பாடுகள் நூலும் வந்துவிட்டன. இரண்டாவது நூல் அவர் வாழ்நாளிலேயே ஏழு பதிப்புகள் கண்டது. பிரிட்டனில் ஒரு தலைமுறைக்கு அதுவே பொருளியல் பாடநூல்.

அந்த நூலில் நிலவுடைமை பற்றிய ஒரு பகுதியை வகுப்பில் எப்போதும் நான் மெதுவாக நடத்துவேன். நிலத்தை எந்த மனிதனும் படைக்கவில்லை. ஆகவே நிலத்தின் மீதான தனியுரிமை சமூகத்தின் பொது நலனுக்கு உட்பட்டதே என்று மில் தொடங்குகிறார். நிலத்தைக் கையகப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. இதுவரை அவர் பெந்தாமின் சீடர். அடுத்து வருவதுதான் முக்கியம். எடுப்பவர் முழு மதிப்பைத் தந்தாக வேண்டும். சமூகம் முழுவதும் ஆதாயம் அடையும் ஒரு காரியத்துக்காகச் சமூகத்தின் ஒரு பகுதியைப் பலியிடுவது ஒருபோதும் அவசியமாக இருக்க முடியாது. மேலும், மனிதர்கள் தனிப்பற்று வைத்திருக்கும் உடைமையாக இருந்தால், சந்தை விலையோடு நின்றுவிடாமல் அதற்கும் மேலாகத் தர வேண்டும் என்கிறார். மொத்த ஆதாயம் பெரிது என்றால், அந்த ஆதாயத்திலிருந்தே இழந்தவரின் கையை நிரப்பலாம் அல்லவா? நிரப்ப மனமில்லை என்றால் ஆதாயம் பெரிது என்ற பேச்சே ஐயத்துக்குரியது.

சந்தை விலைக்கு மேல் ஓர் ஆறுதல் தொகை தர வேண்டும் என்ற கருத்து நம் சட்டத்திலும் உண்டு. 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் கட்டாய எடுப்பின் பொருட்டுச் சந்தை மதிப்பில் 15 விழுக்காடு கூடுதலாக வழங்கச் சொன்னது. 1984-இல் அது 30 விழுக்காடானது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 100 விழுக்காடாக்கியது, மறுகுடியமர்த்தலையும் கடமையாக்கியது, நிலமில்லாத போதும் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களைப் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. மில்லின் நூலுக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே 165 ஆண்டுகள்.

நெய்வேலியின் தொடக்கம் எடுப்பவர் கொடுப்பவர் என்ற பகையோடு நிகழவில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கிடைத்த கருநிறப் பொருள் பழுப்பு நிலக்கரியாக அறியப்பட்டது. அவரே அரசின் கவனத்தை ஈர்க்கப் பாடுபட்டார். 1956-இல் நிறுவனம் உருவானது. சோவியத் உதவியுடன் அனல்மின் நிலையம் எழுந்து, 1962-இல் மின்சாரம் ஓடத் தொடங்கியது. தமிழகத்தில் மட்டுமன்றிப் புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னகமே இந்த மின்சாரத்தைப் பெற்று வந்திருக்கிறது. அகன்ற சாலைகள், வட்டம் வட்டமாக வகுத்த குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனை, ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி என இந்த நகரியம் பல ஆயிரம் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. இவற்றையெல்லாம் கூட்டலில் சேர்க்காமல் பேசுவது நேர்மையாகாது.

கழித்தலும் உண்டு. திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் நிலக்கரியின் மேல் இருக்கும் மண் முழுவதையும் அகற்ற வேண்டும். ஊர், கோயில், சுடுகாடு, முந்திரித் தோப்பு எதுவும் மிஞ்சாது. படிமத்துக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். 2023 ஜூலையில் வளையமாதேவி பகுதியில் பரவனாற்றின் மாற்றுவழிக் கால்வாய்க்காக, விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுப் பணமும் தரப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். சட்டப்படி அது வலுவான வாதமாக இருக்கலாம். ஆனாலும் அறுவடை வரை காத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சென்னை உயர் நீதிமன்றம், அழிக்கப்பட்ட பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. பட்டாவுக்கும் பயிருக்கும் உள்ள வேறுபாட்டை மில் உடனே புரிந்துகொண்டிருப்பார். அவர் சொன்ன தனிப்பற்று என்பது இதுதான்.

பொருளியலாளர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. 1939-இல் நிக்கோலஸ் கால்டரும் ஜான் ஹிக்ஸும் ஒரு புதிய அளவுகோலைத் தந்தார்கள். ஒரு திட்டத்தால் ஆதாயம் பெறுவோர், இழப்போருக்கு ஈடு செய்த பின்னும் மிச்சம் வைத்திருக்கக் கூடுமானால் அந்தத் திட்டம் முன்னேற்றமே. ஈடு செய்யக் கூடுமானால் போதும். செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒருவர் இன்பத்தை இன்னொருவர் துன்பத்தோடு ஒப்பிட அறிவியல் வழி இல்லை என்ற இக்கட்டிலிருந்து தப்ப எடுத்த வழி அது. இதை நான் வகுப்பில் விளக்கிய ஒரு நாள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் எழுந்தார். தர முடியும் என்று நிரூபித்துவிட்டுத் தராமல் போனால், தாத்தாவின் ஏக்கர் யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்டார். வகுப்பு சிரிக்கவில்லை. மில்லின் அந்தப் பகுதியை எடுத்து அவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன். 1848-லிருந்து 1939-க்கு வந்ததில் எங்கள் துறை கணிதத்தில் முன்னேறிற்று. இந்த ஒன்றில் பின்னுக்குப் போயிற்று என்பது என் நெடுநாள் கருத்து.

1858-இல் கம்பெனியின் ஆட்சி முடிந்தது. அதைக் காக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவை வரைந்தவர் மில்லே. புதிய இந்தியக் கவுன்சிலில் இடம் தரப்பட்டபோது மறுத்துவிட்டார். அதே ஆண்டு தென் பிரான்சின் அவின்யோன் நகரில் ஹாரியட் காலமானார். மறு ஆண்டு சுதந்திரம் பற்றிய நூல் வந்தது. பெரும்பான்மையினரின் விருப்பம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தனிமனிதரின் வாயை அடைக்கக் கூடாது என்ற அந்த நூலின் வாதத்தை நம் நீதிமன்றங்களும் மேடைகளும் இன்றும் பயன்படுத்துகின்றன. ஆனால் அந்த நூலின் தொடக்கத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. இன்னும் பக்குவம் அடையாத சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது; அவற்றின் முன்னேற்றமே நோக்கமாக இருக்குமானால் அங்கே எதேச்சாதிகாரம் தகும் என்கிறார். யாரை மனத்தில் கொண்டு இதை எழுதினார் என்பதில் ஐயமில்லை. எல்லாத் தலையும் ஒரு தலை என்ற கொள்கையில், கோடிக்கணக்கான தலைகளின் நன்மை எது என்று அவற்றைக் கேளாமலே லெடன்ஹால் வீதியில் தீர்மானிக்கலாம் என்றானது. இதை அவர் காலத்தின் குறை என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. கூட்டிக் கழிக்கும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதைக் கேட்காத எந்த நன்மைக் கணக்கும் இந்த விலக்கைத் தன்னுள் வைத்திருக்கிறது. சுரங்க விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

1861-இல் ‘பயன்பாட்டுவாதம்’ கட்டுரைகள் ஓர் இதழில் வெளியாகி, 1863-இல் நூலாயின. அதன் கடைசி அத்தியாயம் நீதியைப் பற்றியது. அதுவே நூலின் கடினமான பகுதியும்கூட. மொத்த இன்பம் கூடுமானால் ஒரு நிரபராதியைத் தண்டிக்கலாமே என்ற பழைய ஆட்சேபத்தை மில் அறிந்திருந்தார். உரிமை என்பது சமூகம் காத்துத் தர வேண்டிய ஒன்று. ஏன் காக்க வேண்டும் என்றால் பொதுநலனுக்காகவே. பாதுகாப்பு என்பது உணவைப் போல் எவராலும் விட்டுவிட முடியாத தேவை. நாளை நம் வீடு நமதாக இருக்குமா என்று தெரியாதவருக்கு வேறெந்த இன்பமும் இன்பமாகாது. ஆகவே உரிமைகள் அன்றாடக் கூட்டல் கழித்தலுக்கு மேலே நிற்க வேண்டும் என்று வாதிட்டார். உரிமைக்கே பயன்தான் அடிப்படை என்றால், பயன் வேறு பக்கம் சாயும் நாளில் உரிமை என்ன ஆகும் என்ற ஐயம் தீரவில்லை. இன்றுவரை தத்துவத் துறையினர் அதை விவாதித்து வருகிறார்கள்.

1865-இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1867-இல் வாக்குரிமை மசோதாவில் ஆண் என்ற சொல்லை நீக்கி நபர் என்று போடத் திருத்தம் கொண்டுவந்தார். 73 வாக்குகள் கிடைத்தன, எதிராக 196. ஆனால் நெய்வேலியில் இருக்கும் எனக்கு அவருடைய வேறோர் உரை நினைவுக்கு வரும். ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் எழுதிய நிலக்கரி பற்றிய நூல், பிரிட்டனின் மலிவான நிலக்கரி என்றேனும் தீரும் என்று எச்சரித்திருந்தது. 1866 ஏப்ரலில் அந்த நூலைச் சுட்டி மில் அவையில் பேசினார். பூமிக்குள் இருக்கும் செல்வத்தை இந்தத் தலைமுறை தோண்டிச் செலவிடுகிறது. வருங்காலத்தாருக்கு விடப்போவது வெறுமையான சுரங்கமும் தேசியக் கடனுமா? ஆகவே வளம் இருக்கும்போதே கடனை அடையுங்கள் என்பது அவர் வாதம். இன்னும் பிறவாதவர்களுக்கும் கணக்கில் ஒரு தலை உண்டு என்று அவையில் நினைவூட்டியவர் அவர். 1962-இல் இயங்கத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. தோண்டிய நிலத்தை மூடி மரம் நட்டிருக்கும் மேடுகளைக் காணும்போதெல்லாம் அந்த உரையின் கேள்வியை நான் உள்ளூர் அளவில் கேட்டுக்கொள்வதுண்டு. இந்த அறுபது ஆண்டு வருவாயில் எவ்வளவு பங்கு, சுரங்கம் தீர்ந்த பின்னும் இந்தச் சுற்றுவட்டாரத்தார் வாழ்வதற்கான தொழிலாக, நீராக, கல்வியாக மாற்றப்பட்டிருக்கிறது? என்.எல்.சி.யின் ஆண்டறிக்கையில் இலாபத்துக்கு ஒரு வரி உண்டு. இதற்கும் ஒரு வரி இருந்தால் நல்லது.

1868 தேர்தலில் மில் தோற்றார். அடுத்த ஆண்டு பெண்ணடிமை பற்றிய நூலை வெளியிட்டார். ஆண்டில் பெரும்பகுதியை அவின்யோனில், ஹாரியட்டின் கல்லறைக்கு அருகே வாங்கிய வீட்டில், அவருடைய மகள் ஹெலனின் துணையோடு கழித்தார். செடிகொடிகளைச் சேகரிப்பது அவருக்கு இளமை முதல் இருந்த ஆசை. பூச்சியியல் அறிஞர் ழான் ஹென்றி ஃபாபர் அங்கே நண்பரானார். அவர் பண நெருக்கடியில் இருந்தபோது மில் கடன் கொடுத்து உதவினார். உலகில் உள்ள நிலமெல்லாம் மனிதத் தேவைக்காகவே உழப்பட்டு, தானாக வளரும் செடிக்கும் பூவுக்கும் ஓர் அங்குலமும் மிஞ்சாத நிலை தமக்கு உவப்பானதில்லை என்று பொருளியல் நூலிலேயே எழுதியவர் அவர். 1873 மே மாதத் தொடக்கத்தில் செடி தேடி நீண்ட தூரம் நடந்து திரும்பியவர், சில நாள்களில் காய்ச்சல் கண்டு இறந்தார். ஹாரியட்டின் கல்லறையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.